ஓர் அங்குலக் கொம்பும் ஒரு கலைக் கோணமும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்கு உரிமம் பெற்ற ஒருவர் காட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்தும் விடியாத நேரம். 150 மீட்டர் தள்ளி ஓர் ஆண் மான் வந்து நிற்கிறது. தலையில் கொம்பு இருப்பது தெரிகிறது. ஆனால் அந்தக் கொம்பில் எத்தனை முனைகள்? ஒரு பக்கத்தில் மூன்று இருந்தால் சுடலாம். இரண்டுதான் என்றால் சுடுவது குற்றம். மூன்றாவது முனை என்று அவர் நினைப்பது ஓர் அங்குலத்துக்கும் குறைவான வெறும் புடைப்பாக இருந்தாலும் குற்றம்தான்.

அளவுநாடாவோடு போய் மானைத் தலை குனியச் சொல்ல முடியாது. கையில் இருப்பது ஒரு பைனாகுலர். கிடைக்கும் நேரம் சில விநாடிகள். அந்தச் சில விநாடிகளில் அவருக்கு உதவுவதும் அவரை ஏமாற்றுவதும் நீங்கள் படிவம் 4இல் படித்த, அல்லது படிக்கப்போகும், அதே ஒளியியல்தான்.

வேட்டை சரியா தவறா என்பது தனி விவாதம். எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு; அதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைய கேள்வி இது: தொலைவில் இருக்கும் ஒரு பொருளின் அளவைக் கண்ணாடி வழியே எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில், ஏன் இந்த முனைக் கணக்கு?

மானின் கொம்பு மாட்டின் கொம்பைப் போன்றதல்ல. மாட்டுக் கொம்பின் மேலுறை நம் நகம் போன்ற பொருளால் ஆனது. வாழ்நாள் முழுதும் தலையிலேயே இருக்கும். மான் கொம்போ முழுக்க எலும்பு. ஆண்டுக்கு ஒரு முறை உதிர்ந்து, புதிதாக முளைக்கும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. வட அமெரிக்காவின் பெரிய எல்க் மானுக்கு ஒரே நாளில் 2 சென்டிமீட்டர் வரைகூடக் கொம்பு வளர்வதுண்டு. வளரும் காலத்தில் மென்மையான மயிர்த்தோல் ஒன்று அதைப் போர்த்தியிருக்கும். இலையுதிர்காலம் நெருங்கும்போது அந்தத் தோல் காய்ந்து உரிந்துவிடும்.

வயது கூடக் கூடக் கொம்பும் பெரிதாகும், கிளைகளும் பெருகும். இது பொதுவான போக்குதான், கறாரான விதியல்ல. நல்ல தீனி கிடைத்தால் ஒன்றரை வயது வெள்ளைவால் மானுக்கே எட்டு முனைகள் வந்துவிடும். இருந்தாலும் பெரும்பாலான இளம் ஆண்களுக்குக் கிளைகள் குறைவு. பென்சில்வேனியாவில் ஒரு காலத்தில் கொம்பு வைத்த எதையும் சுடலாம் என்றிருந்தது. அதனால் ஆண்டுதோறும் சுடப்பட்ட ஆண் மான்களில் மிகப் பெரும்பாலானவை ஒன்றரை வயதுக்காரர்கள். மூத்த ஆண்களே மிஞ்சவில்லை. 2002இல் மாநில வனவிலங்கு ஆணையம் விதியை மாற்றியது. மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று முனைகள் இருக்க வேண்டும்; மேற்கே சில பகுதிகளில் இன்னும் கூடுதலாக. முனை என்று எண்ணப்பட, கிளை அடியிலிருந்து நுனிவரை குறைந்தது ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். இளம் மான்களுக்கு இன்னும் ஓராண்டு உயிர் வாழ வாய்ப்பளிப்பதே நோக்கம்.

சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஓர் அங்குலம் என்று எழுதுவது எளிது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கண்ணின் எல்லை

ஒரு வட்டத்தை 360 பாகைகளாகப் பிரிக்கிறோம். ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பிரிக்கலாம். நல்ல பார்வையுள்ள மனிதக் கண், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண, அவற்றுக்கு இடையே ஏறத்தாழ ஒரு கலைக் கோணம் வேண்டும். கண் மருத்துவரின் எழுத்துப் பலகையில் "சாதாரணப் பார்வை" என்று குறிக்கும் வரிசையும் இந்தக் கணக்கில் அமைந்ததுதான். அந்த வரிசையில் உள்ள எழுத்தின் ஒவ்வொரு கோட்டின் தடிமனும் உங்கள் கண்ணில் ஒரு கலை.

ஒரு கலை என்பது 0.00029 ரேடியன். 25.4 மில்லிமீட்டரை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 87 மீட்டர் வரும். ஆக, ஓர் அங்குல முனை 87 மீட்டருக்கு அப்பால் போனதும் நல்ல கண்ணுக்கும் அது எல்லைக்கோட்டில் ஒரு புள்ளி. அதற்கு நீளம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. நம் வேட்டைக்காரரின் மான் நிற்பதோ 150 மீட்டரில்.

"சார், மின்கம்பி எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறதே, அது ஒரு கலைக்கும் குறைவுதானே?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. வெளிச்சமான வானத்தின் முன்னால் கறுப்புக் கம்பி நீளமாக ஓடுவதால், "ஏதோ இருக்கிறது" என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் அது ஒரு கம்பியா, நெருங்கி ஓடும் இரண்டு கம்பிகளா என்று கேட்டால் விழிக்கும். இருப்பதை அறிவது வேறு. பிரித்து அறிவது வேறு. கொம்பு எண்ணுகிறவருக்குத் தேவை இரண்டாவது. வானத்தின் முன்னால் நிற்கும் மானின் கொம்பு எளிதாகத் தெரியும். அதே மான் இலையுதிர்ந்த மரங்களின் முன்னால் நின்றால், கிளைகள் எல்லாமே கொம்பு முனைகள் போலத்தான் தோன்றும்.

8×42 என்றால் என்ன?

பைனாகுலரின் மீது இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்புற லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். முன்புற லென்ஸ் தலைகீழான ஒரு பிம்பத்தை உருவாக்குகிறது. உள்ளே இருக்கும் முப்பட்டகங்கள் அதை நேராக்குகின்றன. கண்ணாடிக்கு உள்ளேயே ஒளி முழுவதும் திரும்பிவிடும் அந்த முழு அக எதிரொளிப்பை நம் மாணவர்கள் 'பந்துலான் டாலாம் பெனு' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் பல பைனாகுலர்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது. கடைசியாகக் கண்ணருகு லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கினால் கண்ணின் எல்லையும் பத்து மடங்கு தள்ளிப்போகும். ஒரு கலைக்குப் பதில் 6 விகலை. அந்த ஓர் அங்குல முனை, கணக்குப்படி, 870 மீட்டர்வரை எல்லைக்குள் இருக்கும். 150 மீட்டரில் 10 மடங்கு பைனாகுலர் 4 மில்லிமீட்டர் நுணுக்கத்தைக் காட்டும். முனை ஓர் அங்குலமா அரை அங்குலமா என்று தாராளமாகச் சொல்லலாம்.

கணக்குப்படி! இந்தச் சொல்லைக் கவனியுங்கள். பைனாகுலரைக் கையில் பிடித்தவுடன் கணக்கு கொஞ்சம் கலைகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி உங்கள் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். மலை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு நெஞ்சுத் துடிப்பே பிம்பத்தை ஆட்டும். அதனால்தான் கையில் பிடித்துப் பார்க்க 8 அல்லது 10 மடங்கு போதும் என்று அனுபவசாலிகள் நிறுத்திக்கொள்கிறார்கள். உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்ப்பார்கள். அல்லது மரத்தில் சாய்வார்கள். 12, 15 மடங்கு என்று போனால் முக்காலி வேண்டும். இணைய விற்பனைத் தளங்களில் "100 மடங்கு பைனாகுலர், சட்டைப்பையில் அடங்கும்" என்று விளம்பரம் வருகிறதே, அதை வாங்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

அடர்ந்த காட்டில் பைனாகுலருக்கு இன்னொரு வேலை உண்டு. இது பலருக்குத் தெரியாது. ஐம்பது மீட்டரில் புதருக்குப் பின்னால் நிற்கும் மானைப் பார்க்க எதற்குப் பைனாகுலர் என்று தோன்றும். ஆனால் அருகில் இருக்கும் பொருள்களைப் பார்க்கும்போது பைனாகுலரின் குவிய ஆழம் மிகக் குறைவு. குவியச் சக்கரத்தை மெல்லத் திருப்பினால் முன்னால் இருக்கும் சுள்ளிகள் கலங்கிக் கரைந்துபோகும். அவற்றுக்குப் பின்னால் மானின் முகம் தெளிவாக எழும். இன்னும் சற்றுத் திருப்பினால் மான் கலங்கும். பின்னால் உள்ள மரம் தெளியும். எது மரக்கிளை, எது கொம்புக் கிளை என்ற சிக்கலை இப்படி அடுக்கடுக்காகப் பிரித்துவிடலாம். வெறுங்கண்ணால் இது முடியாது.

கொலராடோவின் ஐந்து அங்குலம்

பென்சில்வேனியா காடு. மேற்கே ராக்கி மலைத்தொடரில் உள்ள கொலராடோ திறந்தவெளி. அங்கே எல்க் மானை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே பார்த்துவிடலாம். 1980களிலிருந்து அந்த மாநிலத்தின் பல பகுதிகளில் ஒரு விதி இருக்கிறது. ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு முனைகள் இருக்க வேண்டும். அல்லது நெற்றிக்கு மேலே முன்னோக்கி நீளும் நெற்றிக் கிளை குறைந்தது 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர், நீளம் இருக்க வேண்டும்.

ஒரு கிலோமீட்டரில் 127 மில்லிமீட்டர். 10 மடங்கு பைனாகுலரில் அந்தத் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஆகவே அங்கே ஒரு கிளை இருக்கிறது என்பது தெரியும். அது நான்கு அங்குலமா ஐந்து அங்குலமா? வேறுபாடு ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். கருவியின் நுணுக்கத்தைவிடக் குறைவு. பைனாகுலரால் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

இங்கேதான் முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி வருகிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பார்கள். 20 மடங்கிலிருந்து 60 மடங்குவரை மாற்றிக்கொள்ளலாம். 30 மடங்கில் வைத்தால் ஒரு கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நுணுக்கம் கிடைக்கும். அப்படியானால் 60 மடங்கில் வைத்தால் அரை சென்டிமீட்டர் கிடைக்குமா?

கிடைக்காது. இதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒளி ஓர் அலை. ஒரு வட்டமான துளை வழியே நுழையும்போது அது விளிம்பில் சற்று விரிகிறது. அதனால் எவ்வளவு சிறந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக அமையாது. ஒரு சிறு வட்டத் திட்டாகவே அமையும். அந்தத் திட்டின் கோண அளவு, ஒளியின் அலைநீளத்தை 1.22ஆல் பெருக்கி லென்ஸின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். பச்சை ஒளிக்கு அலைநீளம் 550 நானோமீட்டர். 65 மில்லிமீட்டர் லென்ஸுக்கு விடை 2 விகலைக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டரில் அது ஒரு சென்டிமீட்டர். இதற்கு மேல் பெரிதாக்கினால் அந்தக் கலங்கல் திட்டுதான் பெரிதாகும். புதிய விவரம் எதுவும் வராது. சின்னப் படத்தைக் கைப்பேசித் திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது போலத்தான். கண்ணுக்குச் சற்று வசதியாக இருக்கலாம், அவ்வளவே. கூடுதல் விவரம் வேண்டுமானால் பெரிய லென்ஸ் வேண்டும். அதற்குக் கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். மலை ஏறுகிறவர்கள் 65க்கும் 85க்கும் இடையே ஆண்டுக்கணக்காக விவாதிப்பதன் காரணம் இதுதான்.

மங்கிய ஒளி

மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். கொலராடோவில் சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து மறைந்து அரை மணி நேரம் வரை வேட்டையாடலாம். அந்த விளிம்பு நேரத்தில் பெரிதாக்கும் திறனைவிட வெளிச்சம் முக்கியம்.

பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கிக் காட்டுங்கள். கண்ணருகு லென்ஸில் ஒரு சிறிய ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டம், முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்த அளவு. 10×42க்கு 4.2 மில்லிமீட்டர், 8×42க்கு 5.25, சட்டைப்பையில் அடங்கும் 10×25க்கு வெறும் 2.5. 65 மில்லிமீட்டர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை 60 மடங்கில் வைத்தால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞர்களின் கண் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்வரை விரியும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது 5 அளவில் நின்றுவிடுவது சாதாரணம். ஒளிவட்டம் பாவையைவிடச் சிறிதாக இருந்தால் பிம்பம் இருண்டு தெரியும். பாவையைவிடப் பெரிதாக இருந்தால் மிச்ச ஒளி வீண். ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் காலங்காலமாக விரும்பும் 8×56இன் ஒளிவட்டம் சரியாக 7 மில்லிமீட்டர். அதே கருவி அவர்களுடைய தாத்தாவின் கையில் இருந்தால் அவருக்குப் பெரும்பாலும் 8×40 கொடுக்கும் வெளிச்சம்தான்.

லென்ஸின் மேல் ஊதா, பச்சை நிறத்தில் மின்னும் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு அல்ல. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காட்டு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் பத்துப் பரப்புகள் என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வருவது மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு பரப்பிலும் இழப்பை அரை விழுக்காடாகக் குறைத்தால் 95 விழுக்காடு வந்து சேரும். எதிரொளிப்பைத் தடுக்கும் இந்தப் பூச்சை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா உருவாக்கினார்.

காற்று செய்யும் குறும்பு

நல்ல கருவி, பெரிய லென்ஸ், உறுதியான முக்காலி, உச்சி வெயில். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா? பெரும்பாலும் தெரியாது.

மதிய நேரத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது, தூரத்தில் தார்ச்சாலை நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஒளிவிலகல் எண் 0 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1.00029, 20 பாகையில் 1.00027. இந்தச் சிறிய வேறுபாடே போதும். சூடான தரையிலிருந்து எழும் காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒரு பலவீனமான லென்ஸ் போல ஒளியை இங்கும் அங்கும் வளைக்கின்றன. ஒரு கிலோமீட்டர் காற்றை ஊடுருவி வரும் ஒளி, ஆயிரக்கணக்கான அத்தகைய லென்ஸ்களைக் கடந்து வருகிறது. வெறுங்கண்ணுக்கு அந்த நெளிவு தெரியாமல் போகலாம். 40 மடங்கில் பார்த்தால் எல்க்கின் கொம்பு தண்ணீருக்குள் ஆடும் கயிறு போல இருக்கும். ஐந்து அங்குலக் கிளை ஒரு கணம் நான்காகவும் மறுகணம் ஆறாகவும் தோன்றும். இதற்கு விலையுயர்ந்த லென்ஸ் மருந்தாகாது. பெருக்கத்தைக் குறைக்கலாம், குளிர்ந்த காலை நேரத்தில் பார்க்கலாம், அல்லது நெருங்கிப் போகலாம். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்ப்பது, தரையை ஒட்டிப் பார்ப்பதைவிட நல்லது. ஒளி வரும் பாதை சூடான மண்ணிலிருந்து விலகியிருக்கும்.

காதுதான் அடிக்கோல்

பிம்பம் தெளிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெளிவாகத் தெரிவதால் அளவு தெரிந்துவிடாது. பக்கத்தில் இருக்கும் சிறு கொம்பும் தூரத்தில் இருக்கும் பெருங்கொம்பும் ஒரே கோணத்தை அடைக்கலாம். எனவே ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அது மானின் தலையிலேயே இருக்கிறது.

வளர்ந்த ஆண் வெள்ளைவால் மான் காதுகளை நிமிர்த்தி எச்சரிக்கையாக நிற்கும்போது, ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிவரை சுமார் 16 அங்குலம். கண்ணின் நடுவிலிருந்து மூக்கு நுனிவரை சுமார் 8 அங்குலம். கொம்புகள் காதுகளுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் அகலம் 20 அங்குலம் என்று உடனே சொல்லிவிடலாம். தூரம் தெரிய வேண்டியதில்லை, கருவியின் பெருக்கமும் தெரிய வேண்டியதில்லை. விகிதம் ஒன்றே போதும். ஆனால் அடிக்கோல் மானுக்கு மான் மாறும். மேற்கே வாழும் மியூல் மானுக்குக் கழுதைக் காது. பெயரே அதனால் வந்ததுதான். வெள்ளைவால் மானின் காதை நினைத்துக்கொண்டு மியூல் மானின் கொம்பை அளந்தால் உண்மையைவிடச் சிறியதாகத்தான் விடை வரும்.

பார்க்கும் கோணமும் முக்கியம். உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும் கிளை, கோசைன் விதிப்படி சுருங்கித் தெரியும். பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தான நிலையிலிருந்து 60 பாகை உங்கள் பக்கம் சாய்ந்தால் பாதி நீளம்தான் தெரியும். முன்புறமிருந்து பார்த்தால் அகலம் தெரியும். முன்னோக்கி நீளும் நெற்றிக் கிளை சுருங்கிப் போகும். பக்கவாட்டில் பார்த்தால் நீளம் தெரியும். ஆனால் இரண்டு பக்கக் கொம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒரே பக்கத்தில் ஐந்து முனைகள் இருப்பது போலத் தோன்றும். பென்சில்வேனியாவில் இரண்டு முனைக் குட்டிக்கு ஆபத்தான கோணம் இதுதான். மான் தலையைத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டும். தலை திரும்பும்போது இரண்டு கொம்புகளும் ஒன்றையொன்று விலகி நகரும். அப்போதுதான் எது எந்தப் பக்கத்தது என்பது விளங்கும். மானுக்குப் பின்னால் இருக்கும் மரக்கிளை அப்படியே நிற்கும்.

நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது என்ற ஏமாற்றம் அங்கே மிகச் சாதாரணம். மான் விழுந்தபின் அருகில் போய்ப் பார்த்தால் கொம்பு 'சுருங்கிவிட்டது' என்று வேட்டைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், இன்றும் வழங்கும் கொம்பு அளவீட்டு முறையை 1950இல் ஏற்றுக்கொண்டது. நடுத்தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், சுற்றளவுகள், உட்பக்க அகலம் ஆகியவற்றை எட்டில் ஓர் அங்குலத் துல்லியத்தில் அளந்து கூட்டுவார்கள். அதுவும் உடனே அளக்க மாட்டார்கள். கொம்பு 60 நாள்கள் காய்ந்த பிறகுதான். எலும்புதான் என்றாலும் ஈரம் போகப் போகச் சற்றுச் சுருங்கும். எட்டில் ஓர் அங்குலம் என்பது 3 மில்லிமீட்டர். அரைக் கிலோமீட்டரிலிருந்து பார்த்துவிட்டு அதை முன்கூட்டிச் சொல்கிறேன் என்பவரை ஒளியியல் படித்தவர்கள் நம்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பாக்கியின் மேலேயே ஒரு தொலைநோக்கி பொருத்தியிருப்பார்கள். எதற்குத் தனியாகப் பைனாகுலர், அதிலேயே பார்த்துவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. அதில் எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கித்தான் குழலும் திரும்பியிருக்கும். புதருக்குள் அசைவது மானா மனிதரா என்று தெரியாத நேரத்தில் அதை வைத்துப் பார்ப்பது, ஒரு மனிதரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவது. அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள். பளிச்சிடும் ஆரஞ்சு நிற உடை அணிவதும் இதற்காகவே. மான்களின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகளே இருப்பதால் அந்த ஆரஞ்சு அவற்றுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை. நமக்கு மட்டும் தெரியும்.

நம் பக்கத்தில்

தீபகற்ப மலேசியாவில் கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட உரிமம் வழங்குவது 2009இல் நிறுத்தப்பட்டது. எனவே நாம் பார்ப்பது பார்ப்பதற்காக மட்டுமே. தாமான் நெகாராவில் உப்புமண் திட்டுகளுக்கு எதிரே பும்புன் எனப்படும் மறைகுடில்கள் இருக்கின்றன. அந்தியில் காத்திருந்தால் தெனுக் என்ற தாப்பிரோ, ரூசா என்ற கடமானோ வரலாம். வளர்ந்த ஆண் கடமானின் கொம்பில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மூன்று முனைகள்தான்: அடியில் நெற்றிக் கிளை ஒன்று, உச்சியில் கவை போல இரண்டு. அங்கே கொண்டுபோக 8×42 போதும். நீர்புகாதது, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குளிரூட்டிய காரிலிருந்து இறங்கிய உடனே உள்பக்கம் மூடுபனி கட்டிவிடும். வீட்டுக்குத் திரும்பியதும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஈரக்காற்றில் லென்ஸின் மேல் பூஞ்சை படர அதிக காலம் எடுக்காது.

அதுவரை, பள்ளித் திடலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தடித்த அட்டையில் இரண்டு கொம்புகளை வெட்டி, ஒன்றில் 25 மில்லிமீட்டர் முனையும் மற்றொன்றில் 12 மில்லிமீட்டர் முனையும் வையுங்கள். கறுப்பு நிறம் தீட்டுங்கள். திடலின் ஒரு முனையில் நண்பர் நின்று, நாணயம் சுண்டி, ஏதாவது ஒன்றை மட்டும் வெள்ளைப் பலகைமுன் பிடிக்கட்டும். நீங்கள் 40, 60, 80, 100 மீட்டர் தூரங்களில் நின்று எது என்று எழுதுங்கள். ஒவ்வொரு தூரத்திலும் இருபது முறை செய்யுங்கள். பத்துக்குப் பக்கமாகச் சரி வந்தால் நீங்கள் வெறுமனே ஊகிக்கிறீர்கள் என்று பொருள். பிறகு வெள்ளைப் பலகையை எடுத்துவிட்டு, செம்பருத்திச் செடியின் முன்னால் பிடிக்கச் சொல்லி மறுபடியும் செய்யுங்கள். காலை 8 மணிக்கு ஒரு முறை, பகல் 1 மணிக்கு ஒரு முறை. பைனாகுலர் இருந்தால் அதிலும் பாருங்கள். எக்காரணத்தைக் கொண்டும் அதைச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். எந்தத் தூரத்தில் உங்கள் இருபதும் பத்தாகக் குறைந்தது என்று எழுதி அனுப்பினால், வயதையும் மூக்குக்கண்ணாடி அணிபவரா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.